கூட்டம் முடிந்ததும் கூட்டுவது யார்?

அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்துக்கு அரங்கம் கேட்டு நாங்கள் கொடுத்த கடிதம் பதினொரு நாட்களாகப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாணவர் நலன் டீன் "பார்த்தேன்" என்று மட்டும் எழுதி மேலே அனுப்பிவிட்டார். பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் கோப்பு எஸ்டேட் பிரிவுக்குப் போய்விட்டது என்கிறார்கள். எஸ்டேட் பிரிவில் கேட்டால் பதிவாளர் ஒப்புதல் வந்தால்தான் அரங்கத்துச் சாவி என்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என் ஆய்வேட்டில் அதே அலுவலகத்தின் முத்திரை இன்னும் விழவேண்டியிருக்கிறது.

எம்.ஏ. சேர்ந்த ஆண்டிலிருந்து வளாகத்தில் கூட்டம் நடத்தும் வேலையில் இருக்கிறேன். மைக் செட் வாடகை பேசுவது, பேச்சாளருக்குப் பேருந்து டிக்கெட் போடுவது, சுவரொட்டி ஒட்ட இடம் பிடிப்பது, டீக்குச் சொல்லி வைப்பது. ஆய்வைவிட இதில் எனக்கு அனுபவம் அதிகம் என்று என் நெறியாளர் சொல்வார். பாராட்டா குறையா என்று நான் கேட்டதில்லை.

இத்தனை ஆண்டுகளில் ஒன்று மட்டும் மாறவே இல்லை. கல்ச்சுரல்ஸ் என்றால் இரண்டு நாளும் அரங்கம், திறந்தவெளி, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே மதியத்தில் கிடைத்துவிடும். ஆய்வகத்தில் ஆயுத பூஜை நடக்கும். அதற்குக் கடிதமே கிடையாது, பொரி கடலை மட்டும் போதும். எங்கள் கூட்டத்துக்கு மட்டும் பேச்சாளரின் தன்விவரம் வேண்டும், தலைப்பு வேண்டும், உரையின் சுருக்கம் வேண்டும், "அரசியல் பேசமாட்டோம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அம்பேத்கரைப் பற்றி அரசியல் பேசாமல் எப்படிப் பேசுவது என்று ஒருமுறை கேட்டோம். "அவர் சட்டம் படிச்சதைப் பத்திப் பேசுங்க" என்றார் அந்த அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே உதவ நினைத்துத்தான் சொன்னார்.

தமிழ்நாட்டில் 2022-இலிருந்து ஏப்ரல் 14 சமத்துவ நாள். உறுதிமொழி எடுக்கிறோம். அன்று அரசு விடுமுறை என்பதால் முந்தைய வேலை நாளில் நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் வரிசையாக நின்று, கையை நீட்டி, வாசித்து, கலைந்துவிடுகிறோம். உறுதிமொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அது போராடிக் கிடைத்த அங்கீகாரம்தான். ஆனால் அந்த உறுதிமொழியின் பொருள் என்ன, அது இந்த வளாகத்தில் எங்கே மீறப்படுகிறது என்று பேச 2 மணி நேரம் அரங்கம் கேட்டால் கோப்பு சுற்றத் தொடங்கிவிடுகிறது.

புதிதாக வரும் தம்பி தங்கைகள் இதைக் கண்டு சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்கு நான் மகாத் கதையைச் சொல்வேன், ஆனால் வேறு பக்கத்திலிருந்து. 1927 மார்ச்சில் அங்கே நடந்த முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிப்பதற்கு 40 ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள். ஊரில் பொதுக்குளம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் மாநாட்டுக்குப் பந்தல் போட யாரும் இடம் தரவில்லை. ஃபத்தே கான் என்ற இஸ்லாமியர் தன் நிலத்தைக் கொடுத்தார். உள்ளூர்க் கடைகளில் பொருள் கிடைக்காது என்பதால் சமையலுக்கு வேண்டியவை வெளியிலிருந்து வந்தன. பேருந்துக்காரர்கள் ஏற்ற மறுக்கக்கூடும் என்று கணித்து, அம்பேத்கரும் தோழர்களும் பம்பாயிலிருந்து 'பத்மாவதி' என்ற படகில் தாஸ்காவ் துறைக்கு வந்து, அங்கிருந்து மகாத் போய்ச் சேர்ந்தார்கள். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சோறு, எத்தனை குடம் தண்ணீர், எந்த வழியில் வருவது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு நோட்டு கிடைத்தால் அதைத்தான் முதலில் படிப்பேன்.

உரையை முன்கூட்டியே கேட்பதும் புதிதல்ல. 1936-இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அம்பேத்கரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்த பிறகு சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடு ரத்தானது. அந்த உரையைத் தன் செலவில் அச்சிட்டு அவர் வெளியிட்டதுதான் நாம் இன்று படிக்கும் 'சாதி ஒழிப்பு'.

நம் காலத்தில், 2015 மே மாதம், ஒரு மொட்டைக் கடிதம் மத்திய அமைச்சகம் வழியாக வந்ததைத் தொடர்ந்து சென்னை ஐஐடி நிர்வாகம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நிறுத்தியது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூனில் திருப்பிக் கொடுத்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த 5 ஆய்வாளர்கள் விடுதியிலும் வளாகத்தின் பொது இடங்களிலும் நுழையத் தடை போட்டார்கள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். அரங்கச் சாவி சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் இவற்றையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கடிதம் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். எப்போதும் இரண்டு படி கொண்டுபோங்கள். தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு "பெறப்பட்டது" முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத கடிதம் நீங்கள் எழுதாத கடிதம். வாய்மொழியாக மறுத்தால், "எழுத்தில் கொடுங்கள் சார்" என்று பணிவாகக் கேளுங்கள். பாதி மறுப்புகள் அங்கேயே மெலிந்துவிடும். அரசு நிறுவனமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கடந்த ஆண்டுகளில் அரங்கம் யார் யாருக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நாங்கள் கேட்டோம். வந்த பட்டியலில் ஆன்மிகச் சொற்பொழிவு ஒன்று இருந்தது, ஒரு பைக் நிறுவனத்தின் விளம்பர நிகழ்ச்சி இருந்தது. இரண்டும் "மாணவர் நலன்" என்ற தலைப்பில். அந்தப் பட்டியலை அடுத்த கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தோம். அந்த முறை அரங்கம் கிடைத்தது.

இதுவரை எழுதியதில் நம் தோழர்கள் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. இனி எழுதப்போவது அப்படி அல்ல. எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன்.

அப்படிக் கிடைத்த அரங்கத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் நடத்திய கூட்டத்தைச் சொல்கிறேன். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் செய்தவற்றைப் பற்றிய கூட்டம். எட்டு மணி நேர வேலை, பெண் தொழிலாளர்களின் மகப்பேறு விடுப்பு, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை வாரம் 48 மணியாகக் குறைத்த சட்டத் திருத்தம் எல்லாவற்றையும் பேச்சாளர் விரித்துச் சொன்னார். அரங்கம் நிறைந்து படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். மாலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 8-ஐத் தாண்டியது. கடைசியில் குஸ்கா பொட்டலம் கொடுத்தோம். அரங்கத்துக்குள் அசைவம் கூடாது என்பது எஸ்டேட் பிரிவின் நிபந்தனை. கல்ச்சுரல்ஸ் நாளில் அதே வாசலுக்கு எதிரே சிக்கன் ரோல் விற்றார்கள் என்பது வேறு கதை. பறையடித்து முடித்து, படம் எடுத்து, "மாபெரும் வெற்றி" என்று போட்டுவிட்டுப் படுக்கப் போனோம்.

மூன்று வாரம் கழித்து, வாசலுக்கு வெளியே உள்ள டீக்கடையில் ஒரு அக்கா என்னிடம் பேச்சுக் கொடுத்தார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எங்கள் துறைக் கட்டடத்தில் காலை 6 மணி ஷிப்டில் அவரைப் பார்த்திருக்கிறேன்.

"தம்பி, அந்த அம்பேத்கர் கூட்டம் நடத்துனது நீங்கதான?"

"ஆமாக்கா."

"அன்னைக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு சூப்பர்வைசர் போன் போட்டாரு. காலைல ஏழு மணிக்கே அங்க வேற நிகழ்ச்சியாம், உடனே வந்து கூட்டிட்டுப் போங்கன்னாரு. நானும் இன்னொரு பிள்ளையும் வந்தோம். முடிக்கப் பதினொன்றரை ஆயிருச்சு. பஸ் இல்ல. அவ வீட்டுக்காரர் வந்து ரெண்டு பேரையும் வண்டில ஏத்திட்டுப் போனாரு."

சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார். சீட்டுக்கு அடியில் தயிர்ப்பச்சடி பாக்கெட்டை மிதித்து நசுக்கியிருந்தார்களாம். கம்பளத்தில் அந்தக் கறை போகவே நேரம் பிடித்ததாம். தனியாகக் கூலி ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். "அதுக்கென்னத்த தனியா" என்றார். பிறகு, "என்ன பேசுனாங்க தம்பி கூட்டத்துல? நல்ல கூட்டம்னு சொன்னாங்க" என்று கேட்டார்.

எட்டு மணி நேர வேலையைப் பற்றி என்று சொன்னேன். "சரிதான்" என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அன்று இரவு பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அரங்க ஒப்புதல் தாளில் ஐந்தாவது நிபந்தனை: "நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கைச் சுத்தமான நிலையில் ஒப்படைக்க வேண்டும்." கீழே என் கையெழுத்து. நாங்கள் ஒப்படைக்கவில்லை. ஒப்படைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் வேலைப் பட்டியலில் 'டீ', 'மைக்', 'பேனர்', 'பறைக்குழு', 'சமூக ஊடகம்' என்று 14 வரிகள் இருந்தன. சுத்தம் என்று ஒரு வரி இல்லை. கூட்டம் முடிந்தால் யாரோ வந்து கூட்டுவார்கள் என்பது எழுதாமலேயே எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த 'யாரோ' எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதும் தெரிந்திருந்தது. சாதி ஒழிப்பைப் பேசும் எங்களுக்குள் சாதி அவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருந்தது.

அதே பட்டியலின் மற்ற வரிகளையும் பார்த்தேன். தொகுப்புரை, வரவேற்புரை, பேச்சாளரை ரயில் நிலையத்தில் வரவேற்று அழைத்துவருவது ஆகியவை நகரப் பள்ளிகளில் படித்து, ஆங்கிலம் தடுமாறாமல் பேசும் நண்பர்களிடம் இருந்தன. நாற்காலி, மேசை, பேனர் கட்டுவது ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து வந்த தம்பிகளிடம். வாசலில் தட்டு ஏந்தி நிற்பது, பொட்டலம் எண்ணுவது தோழியரிடம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. "யார் எதைச் செய்வீங்க?" என்று கேட்டோம், அவரவர் கை தூக்கினார்கள். வீட்டிலும் ஊரிலும் கை எதற்குப் பழகியிருந்ததோ அதற்குத் தூக்கினார்கள். மாலை 5 மணிக்குத் தொடங்கியதால் 6:30-க்குக் கதவடைக்கும் பெண்கள் விடுதித் தோழியர் பேச்சின் பாதியிலேயே எழுந்து போனார்கள். பொட்டலத்தை எண்ணி வைத்துவிட்டுத்தான் போனார்கள். கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்தவர்கள் எல்லோருமே ஆண்கள். "பெண்கள் ஏன் கேள்வி கேட்பதில்லை?" என்று மேடையிலிருந்து ஒருவர் வருத்தப்பட்டார்.

இதை எங்கள் குழுவில் வைத்தபோது வந்த முதல் பதில், "இப்போ இதுவா முக்கியம்?" என்பது. நிர்வாகம் நம்மை ஒடுக்குகிறது, நாமே நம்மைக் குறை சொன்னால் அவர்களுக்குத்தான் லாபம் என்றார் நான் மதிக்கும் ஒரு தோழர். இன்னொருவர், "அவங்களுக்கு அதுதானே வேலை" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டார். முதலாமவரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இயக்கம் சின்னது, எதிரிகள் பெரியவர்கள். ஆனால் அந்த இரவு 11:30 மணிக்குப் பேருந்து இல்லாமல் நின்ற இரண்டு பெண்களுக்கு நிர்வாகமும் நாமும் ஒன்றுதான். அவர்களைக் கூப்பிட்டது சூப்பர்வைசர். கூப்பிட வைத்தது நாம்.

கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டுக் கடிதம் கொடுக்கலாம் என்று அந்த அக்காவிடம் போனோம். எங்களால் அவர் வேலைக்கு ஆபத்து வரும் என்று பயந்தார். சூப்பர்வைசரும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். ஆகவே பெயர் எதுவும் இல்லாமல் ஒரு பொதுக் கோரிக்கை கொடுத்தோம். இன்னும் பதில் இல்லை. எங்களுக்குள் வசூலித்து இருவருக்கும் ஆளுக்கு 600 ரூபாய் கொடுத்தோம். வாங்கமாட்டார் என்று நாங்களே நினைத்து, அதற்கொரு பேச்சும் தயாரித்து வைத்திருந்தோம். அவர் சாதாரணமாக வாங்கிக்கொண்டார். "வேலை செஞ்சதுக்குத்தான தர்றீங்க." அடுத்த கூட்டத்தில் மேடையில் உட்கார வைத்துச் சிறப்பு செய்கிறோம் என்றோம். "மேடையெல்லாம் வேணாம் தம்பி. ராத்திரி கூப்பிடாம இருந்தாப் போதும்."

அடுத்த ஆண்டு சுத்தம் செய்யும் வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம். அதிலும் ஒரு பாடம் காத்திருந்தது. விருப்பமுள்ளவர்கள் இருக்கலாம் என்று அறிவித்தோம். கடைசியில் துடைப்பத்தோடு நின்றவர்கள் அதே விடுதித் தம்பிகள்! மற்றவர்கள் பேச்சாளரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தோழர் மட்டும் வந்து, கூட்டுவது போல் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுப் போனார். விருப்பம் என்று விட்டால் சாதி தன் ஆளைத் தானே தேடிப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே இப்போது விருப்பம் கிடையாது. மேடையில் யார் பேசுகிறார்களோ, சுவரொட்டியில் யார் பெயர் வருகிறதோ, அவர்கள் பெயர்தான் சுத்தம் செய்யும் பட்டியலில் முதலில். அந்த வேலை செய்யும்போது படம் எடுக்கக் கூடாது. தொகுப்புரையை அதுவரை மைக் பிடிக்காத ஒருவருக்குத்தான் கொடுக்கிறோம். ஒரு வாரம் முன்னால் இரண்டு தடவை ஒத்திகை. போன ஆண்டு தொகுத்த தம்பி நடுவில் பத்து நொடி பேச்சு வராமல் நின்றான். யாரும் குறுக்கே புகுந்து காப்பாற்றவில்லை. அவனே பேசி முடித்தான்.

நேரத்தையும் மாற்றினோம். மதியம் 3 முதல் 5:30 வரை. இதில் இழப்பும் உண்டு: செய்முறை வகுப்பு இருக்கும் அறிவியல் மாணவர்கள் வர முடிவதில்லை, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆனால் விடுதித் தோழியர் கடைசிவரை இருக்கிறார்கள், முதல் மூன்று கேள்விகளும் அவர்களுக்கே. பொன்னாடை, நினைவுப்பரிசு இல்லை. அந்தப் பணம் சாப்பாட்டுக்குப் போகிறது. வரவு செலவை மூன்று நாளுக்குள் விடுதிப் பலகையில் ஒட்டுகிறோம். 20 ரூபாய் கொடுத்த முதலாண்டு மாணவர் வந்து "பேனருக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கிறார். கேட்கட்டும்.

சட்டமும் இதில் நம் பக்கம்தான். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துகிறவர் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையை அங்கேயே தரம் பிரித்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு என்று சொன்னது. அரங்கத்துக்கு அது பொருந்துமா என்று வாதாடலாம். எச்சில் இலையையும் பிளாஸ்டிக் டம்ளரையும் ஒரே மூட்டையில் கட்டினால் அதைப் பிரிப்பது யாருடைய கை என்பதில் வாதம் இல்லை.

இந்த ஆண்டுக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "மாலை 6:15 மணிக்குள் அரங்கை நாங்களே சுத்தம் செய்து ஒப்படைப்போம். இந்நிகழ்ச்சிக்காகத் தூய்மைப் பணியாளர் எவரையும் பணி நேரத்துக்கு வெளியே அழைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்." எஸ்டேட் பிரிவு எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். "இப்படி யாரும் எழுதினதில்லையே" என்றார். பிறகு உள்ளே போய்ச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கொண்டுவந்தார். அது கோப்பை வேகமாக்குமா நிறுத்துமா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் வராவிட்டால் நூலகத்துக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடி. நாற்காலி 100, மைக் செட் ஒன்று, வாடகை பேசியாகிவிட்டது. மழைக்குத் தார்ப்பாய் இரண்டு. 5:30-இலிருந்து 6:15 வரை கூட்டுபவர்கள் 8 பேர், முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பெயர் "இப்போ இதுவா முக்கியம்?" என்று கேட்ட தோழருடையது. துடைப்பம் நான்குதான் இருக்கிறது. யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள்.